அறுபத்து மூன்று 'ம்'

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நள்ளிரவுகூட இல்லை. பட்டப்பகல், மதியம் இரண்டு பத்து.

வாய்மொழிக் கதைகளைச் சேகரிக்கும் நிறுவனத்தில் நான் ஒலித்தொகுப்பாளர். மலையில் இருப்பவர்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் என்று பல வகை மக்கள்; ஒவ்வொருவர் பேச்சும் வேறு. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவள் என் அக்கா. "யாரா இருந்தாலும் எதிர்ல ஒருத்தர் 'ம்' கொட்டணும்டி. கொட்டலன்னா கதையை நிறுத்திடுவாங்க" என்பாள்.

மலைக்காரர் ஒருவரின் கதைதான் கடைசிப் பதிவு. முடித்துத் திரும்பும்போது வண்டி ஆற்றில் உருண்டு அக்கா போய்விட்டாள். சில மாதங்களில் அந்த மலைக்காரரும் இறந்தார். அதன்பின் அவர் மகள் பதிவுக் கருவியைப் பார்சலில் அனுப்பினார். அக்கா அங்கேயே மறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்தோம்.

மேலாளர் பதிவைக் கேட்டுவிட்டு உதட்டைச் சுழித்தார்.

"நடுவுல அந்த 'ம்' எல்லாம் இரைச்சல். வெட்டிடுங்க."

"அது எங்க அக்கா குரல் சார்."

"கேக்கறவங்களுக்கு அது தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள முடிங்க."

இரைச்சலாம்! எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. இருந்தும் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்து வெட்டினேன். அவள் குரலென்று மிச்சமிருந்ததே அவ்வளவுதான். அறுபத்து மூன்றையும் வெட்டினேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

2:10. முதலிலிருந்து ஓடவிட்டேன்.

"ஒரு பொண்ணு ஆத்தைக் கடக்கப் போனா..."

முதல் 'ம்' இருந்த இடம். மலைக்காரரின் குரல் நின்றது.

வெட்டிய இடத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டியிருந்தேன். அங்கே மௌனமே இருக்கக் கூடாது. ஆனால் திரையில் நொடிகள் ஓடின. பத்து... இருபது... நாற்பது...

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

2:14.

"கேக்கறியா?"

பதிவில் இது இல்லை. இருபது தடவை கேட்டவள் நான்.

"ம்" என்றேன்.

"நீ இல்ல."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தேன்.

குரல் நிற்கவில்லை...

"அவ எங்க?"

கோபமான குரல். வெட்டியதை மீட்கும் அன்டூ பொத்தானை அழுத்தினேன். அறுபத்து மூன்று தடவை. எண்ணி.

2:19. கதை நகர்ந்தது.

"ம்."

அக்கா.

என் இடது காதருகே...

ஹெட்ஃபோன் மேஜையில்தான் கிடந்தது.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். "ஒரு 'ம்'கூட வெட்ட மாட்டேன். வேணும்னா என்னை வெட்டுங்க!" கத்தினேன். என் முகத்தைப் பார்த்தவர், "அப்படியே விடுங்க" என்றார்.

மாலை 5:40-க்கு மலைக்காரரின் மகளுக்கு ஃபோன் செய்தேன். அக்காவின் குரலைப் பத்திரமாக அனுப்பியதற்கு நன்றி சொன்னேன்.

"அக்கா குரலா?" என்றார்.

"அப்பா கதை சொன்ன அன்னைக்கு உங்க அக்கா வந்து சேரவே இல்லையேம்மா. எங்க வீட்டுக்கு வர்ற வழியிலதானே வண்டி உருண்டுச்சு? எங்களுக்கே அப்புறம்தான் தெரியும். அவங்க வரலன்னு, முன்னாடி வந்தப்போ வெச்சுட்டுப் போன மெஷினை நாங்களே ஓடவிட்டுட்டு, அப்பாவைத் தனியா உக்கார வெச்சுக் கதவைச் சாத்தினோம்."

"அப்புறம்?"

"முடிச்சுட்டு வெளிய வந்தாரு. 'அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் நல்லா கேட்டா, ஆனா ஏன் நனைஞ்ச கோழியாட்டம் நடுங்கிட்டே இருந்தா'ன்னு கேட்டாரு. வயசானவர்தானேன்னு நாங்க கண்டுக்கல."