டயட் மேனேஜரின் பேன்ட்

ஆபீசில் எவன் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் எட்டிப்பார்த்து உபதேசம் செய்வதால் அவருக்கு ‘டயட் மேனேஜர்’ என்று பெயர். அவருடைய பேன்ட் இடுப்பை வருடம் தவறாமல் பிரித்துவிடும் தையல்கார அக்காவுக்கு அந்த உபதேசத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதல் வருடம் கொழுப்பு எதிரி. எண்ணெயை ஒதுக்கிவிட்டு ரொட்டியை அடுக்கடுக்காக உள்ளே தள்ளினார். அடுத்த வருடம் மாவுச்சத்து எதிரி. வெண்ணெயை வழித்து வழித்துத் தின்றார். இந்த வருடம் டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர். இன்று அதே பேன்ட்டோடு மறுபடி வந்து நின்றார்.

“புரோட்டீன் எவ்வளவு சாப்பிட்டாலும் தசைதான்க்கா ஆகும். கொழுப்பாவே ஆகாது” என்றார், வயிற்றை எக்கிக்கொண்டு.

மிஞ்சிய புரதத்தின் கழிவைச் சிறுநீரில் தள்ளிவிட்டு, மீதியைக் கொழுப்பாக்கிப் பத்திரப்படுத்த அவர் உடம்பு அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

“மூச்சை விடுங்க சார்.”

விட்டார். இன்ச் டேப் இரண்டு அங்குலம் நகர்ந்தது. அவள் பேன்ட்டை உள்புறமாகத் திருப்பிக் காட்டினாள். தையலுக்குள் நகக்கண் அளவு துணிகூட இல்லை.

“எதைத் தின்னாலும் மிச்சமெல்லாம் இடுப்புக்குத்தான் சார் வருது. பிரிச்சுவிடத்தான் துணி மிச்சமில்ல.”