ராவுத்தர் கோபத்துக்கு ஒரு குடம்

பந்தல்குடி வண்டிப்பேட்டையில், தூத்துக்குடிச் சாலையைப் பார்த்த புளியமரத்தடியில் மாடுகளுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தார் அசனா ராவுத்தர். அருப்புக்கோட்டைக்குப் பருத்திப் பொதி இழுக்கும் மாடுகளில் பாதி, லாடத்துக்காக அவர் கையால் தரையில் சாய்ந்து எழுந்தவைதான். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்பார்கள். ஆணி வளைந்தால் கோபம். மாடு காலை உதறினால் மாட்டுக்காரன் மேல் கோபம்.

ஒருநாள் கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. கையில் இருந்த லாடத்தை அப்படியே வீசிவிட்டார். அது மனைவி செய்யதம்மாளின் புருவத்தைப் பிளந்தது. காயம் ஆறியும் அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. அவள் எதிரே வந்து நிற்கும்போதெல்லாம் முகம் தெரிவதற்கு முன்பே அந்த வெள்ளைக் கோடுதான் அவருக்குத் தெரிந்தது.

பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய் அழுதார். மல்லுக்கட்டில் ஆளைச் சாய்க்கிறவன் பலசாலி அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்குகிறவனே பலசாலி என்று நபிகள் நாயகம் சொன்னதை ஆலிம்சா எடுத்துச் சொன்னார். நின்றுகொண்டிருந்தால் உட்கார். அதிலும் அடங்காவிட்டால் படு. வாயைத் திறக்காதே. கோபம் ஷைத்தானின் நெருப்பு, நெருப்பைத் தண்ணீர் அணைக்கும். தொழுகைக்குக் கழுவுவதுபோல் முகம் கை கால் கழுவி ஒளு செய்துகொள் என்றார்.

லாடம் கட்டுகிறவர் எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பவர். பேட்டையில் படுத்தால் சிரிப்பார்கள். வாயை மூடுவது அவரால் ஆகாது. தண்ணீர்தான் தோதாக இருந்தது. கோபம் தலைக்கு ஏறினால் சுத்தியலைப் போட்டுவிட்டு, பேட்டைக்குப் பின்னால் இருந்த தம் வீட்டுக்குப் போவார். வாசல் குடத்திலிருந்து மொண்டு, சாவகாசமாகக் கழுவி, தாடி சொட்டச் சொட்டத் திரும்புவார்.

அதன் பிறகு அவர் யார் மேலும் கை ஓங்கியதில்லை. பேட்டையில் பேர் கிடைத்தது. வண்டிக்காரர்கள் அதை வேடிக்கையாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

“ஏன் ராவுத்தரே, என் மாடு வழுக்கி வழுக்கி நடக்குதே. இரும்புலதான் கட்டுனீகளா, வெண்ணெயிலயா?” என்று கோட்டைச்சாமி சீண்டுவான். ராவுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போவார். ஈரத் தாடியோடு அவர் வந்து உட்கார்ந்ததும் அதே கோட்டைச்சாமி, மனுசன்னா இவுகதான் மனுசன் என்று மற்றவர்களிடம் சொல்வான். அந்தச் சொல் அவருக்கு இனித்தது. சில நாள் அவ்வளவாகக் கோபம் வராதபோதுகூட எழுந்து போனார்.

மழை தப்பிய இரண்டாவது வருஷம் ஊர்க் கிணறுகள் உப்பேறிப் போயின. குடிக்க வேண்டுமென்றால் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கசியக் கசியச் சிரட்டையால் அள்ளியாக வேண்டும். தண்ணீர் குடிக்கவே போதாத இந்த நாளில் தொழுகைக்கே மண்ணைத் தொட்டுத் தடவிக்கொண்டால் போதும், அல்லா ஏற்றுக்கொள்வான் என்று வெள்ளிக்கிழமை ஆலிம்சா சொன்னார். ராவுத்தரும் தலையாட்டிக் கேட்டிருந்தார்.

ஒரு பிற்பகல் பசியோடு வீட்டுக்கு வந்தால் அடுப்பு பற்றவில்லை. மகள் கஞ்சிக்கு அழுதுகொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் செய்யதம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். அவருக்குக் காது மடல் சுட்டது. அவள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, சாய்த்துச் சாய்த்து ஒளு செய்தார். கையை ஓங்காமல் கழுவுகிறோமே என்று உள்ளே ஒரு நிறைவுகூட இருந்தது. வாசல் மண் உறிஞ்சியது போக அடியில் கலங்கல்தான் மிஞ்சியது.

செய்யதம்மாள் அந்த ஈர மண்ணைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு குடத்தைக் கவிழ்த்துத் துடைத்து மறுபடி இடுப்பில் வைத்தாள்.

“எங்கே போறே?”

“பிள்ளைக்குக் கஞ்சி வைக்கணும்ல. பொழுது சாயிறதுக்குள்ள வந்துருவேன்.”

குரலில் வருத்தம்கூட இல்லை. தினமும் செய்கிற வேலையைச் சொல்வதுபோல் இருந்தது. அவருக்குக் கழுவிய முகம் வியர்த்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

ஓடையில் ஊற்றைச் சுற்றி முழுக்கப் பெண்கள். வண்டிக்காரன் கோட்டைச்சாமியின் பெண்டாட்டி சந்தனம்மாள், செய்யதம்மாளைக் கண்டதும் சிரட்டையை வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

“வாக்கா. கோவக் கொடமா? மொதல்ல நீ எடு” என்றவள், பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் வாயை மூடவில்லை.

“ஒளிச்சுப் பேச என்ன இருக்கு ராவுத்தரே. வீட்டுக்கு ஒரு கொடம், ஒங்க கோவத்துக்கு ஒரு கொடம். நாங்கதான் முறை விட்டுக் குடுக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். கழுத்து நரம்பு புடைத்தது. கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? மணலில் உட்கார்ந்தார். தொழுகைக்கு மண் போதுமென்று படைத்தவனே விட்டுக்கொடுத்திருந்தான். இவர் கோபம்தான் நல்ல தண்ணீர் கேட்டது. சிரட்டையைக் கையில் எடுத்தார். ஊற்று மெல்லக் கசிந்தது. அள்ளுவதும் காத்திருப்பதுமாக வெயில் இறங்கியது. கடைசிவரை அவர் வாய் திறக்கவில்லை.

குடம் நிரம்பியதும் செய்யதம்மாள் குனிந்தாள். அவர் முந்திக்கொண்டு தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பேட்டை வழியாகத்தான் போக வேண்டும். கோட்டைச்சாமி வண்டி நுகத்தில் சாய்ந்து நின்றான்.

“என்ன ராவுத்தரே, எப்ப இருந்து சேலை கட்டுறீக?”

பேட்டை சிரித்தது. நெருப்பு வந்ததுதான். தலை அசைந்தால் தண்ணீர் சிந்தும். அதை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தார். அன்று யாரும் அவரை மனுசன் என்று சொல்லவில்லை.

அந்திப் பாங்கு கேட்டபோது குடத்தின் பக்கம் போகாமல் சுவரோரப் புழுதியில் உள்ளங்கையை வைத்து, முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு தொழுதார். செய்யதம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தொழுது முடித்ததும் கஞ்சிக் கலயத்தையும், பக்கத்தில் உப்புச் சிரட்டையையும் வைத்துவிட்டு அவள் வழக்கம்போல நாலடி தள்ளிப் போய் நின்றாள். ஒரு வாய் குடித்தார். உப்பே இல்லை. லாடம் வீசிய நாளிலிருந்து அவள் கஞ்சியில் உப்புப் போட்டதே இல்லை. அவரவர் போட்டுக்கொள்ளட்டும் என்று தனியாக வைத்துவிடுவாள். இத்தனை நாளும் தாமே கிள்ளிப் போட்டுக் குடித்துவந்தவருக்கு, ஏன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சிரட்டையைத் தொடாமல், தலை நிமிராமல், கலயத்தைக் குடித்து முடித்தார்.