யாரும் தொடாத என் எல்லை

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் குடியேறுவான். நானும் மருதமுனையில் மனைவி வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இன்னும் மாப்பிள்ளை மரியாதை தீரவில்லை. கிணற்று மோட்டர் பழுதானால் மச்சான்மார் இருவரும் கூடிக் கதைப்பார்கள். நான் கிட்டப் போனால், "நீங்க போய் இரிங்க மச்சான்" என்று கதிரையைக் காட்டுவார்கள். அந்தக் கதிரையைத் தூக்கி எறியலாம் போலிருக்கும். நான் இந்த வீட்டு ஆளா, விருந்தாளியா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அசர் தொழுகை வரை மூவரும் விளையாடுவோம். சின்ன மச்சான் கத்தாரிலிருந்து கொண்டுவந்த, உலகப் படத்தில் படை நகர்த்தும் விளையாட்டு. மூன்று பேர் ஆடினால் ஒரு சனியன் உண்டு. முதலில் அடிப்பவன் களைத்துப்போவான். சும்மா இருந்தவன் அள்ளிக்கொள்வான். அதனால் எல்லையில் படையைக் குவித்துவிட்டு, மூன்று வெள்ளிக்கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அடிக்காமல் முறையை விடுறவருக்கு ரெண்டு படை குறையும்" என்று சட்டம் போட்டேன். ஒத்துக்கொண்டார்கள். உடனே அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கினார்கள். என் நாடொன்றில் ஒரே ஒரு படைதான் நின்றது. சின்ன மச்சான் அதைப் பார்த்துத் தாயக்கட்டையை எடுத்தார், பெரிய மச்சான் முறைத்தார், கட்டை வேறு பக்கம் உருண்டது. நான் வென்றேன். கை வேறு தட்டினார்கள்.

"ஏன் என்ட நாட்டத் தொடல்ல?"

"வீட்டு மாப்பிள்ளையோட நாங்க அடிபடுறதா, மச்சான்?" பெரியவர் சிரித்தார்.

பலகையை ஓங்கி மூடினேன். காய்கள் நிலமெல்லாம் சிதறின. தேத்தண்ணியோடு வந்த என் மனைவி தட்டத்தை வைத்துவிட்டு, காய்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கினாள்.

"நானும் வாறன். நாலு பேர்."

படைகள் மறுபடி எல்லையில் முட்டிக்கொண்டு நின்றதும், அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே என்மேல் பாய்ந்தாள். ஒரே முறையில் என் மூன்று நாடுகள் போயின, ஒன்றுதான் மிஞ்சியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பெரியவர் பதறினார். "புள்ள, மாப்பிள்ளைக்கு இப்படியா?"

"காக்கா," என்று அண்ணன் பக்கம் திரும்பினாள், "மாப்பிள்ளைய நீங்க வச்சிக்கங்க. எனக்குப் புருஷன் வேணும்."

அடுத்த முறை சின்ன மச்சானுடையது. இந்தத் தடவை அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டையை உருட்டி என் கடைசி நாட்டையும் பிடித்தார்.