லேசர் செக்காலி

மலாயில் ‘செக்காலி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ‘ஒரு தடவை’ என்றும் அதற்குப் பொருள், ‘கூடவே’ என்றும் பொருள். ஜொகூரில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, “தே தாரிக் செக்காலி” என்றால் ரொட்டியோடு டீயும் சேர்ந்து வரும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் டீ குடிப்பேன் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை.

என் வீட்டுக்காரர் பண்ணிக்கொண்டார்.

அவருக்கு இனிப்பு நீர் உண்டு. பல் தேய்த்தால் ரத்தம், காலையில் தலையணை உறையிலும் ரத்தக்கறை. எத்தனை நாள் சொல்லிப் பார்த்தேன், சட்டையே செய்யவில்லை. சர்க்கரை பார்க்கும் டாக்டர், ஈறு கெட்டுப்போனால் சர்க்கரையும் அடங்காது என்று அதட்டிய பிறகுதான் அசைந்தார். ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பல் கிளினிக். மலாய்க்காரப் பெண் டாக்டர், பொறுமையான பிள்ளை. வீட்டுக்காரரை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே காத்திருந்தேன். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“லேசர் அடிச்சிட்டாங்க. முடிஞ்சிருச்சு.”

“மறுபடி வரணுமா?”

“வேணாம் லா. டாக்டரே சொல்லிட்டாங்க, லேசர் செக்காலின்னு. ஒரு தடவ போதும்.”

நம்பினேன். வலது பக்கம் ரத்தம் நின்றது, வீக்கமும் வடிந்தது. அதற்குப் பிறகு இவர் அடித்த தம்பட்டம் இருக்கிறதே! காப்பிக் கடையில், கோயிலில், பக்கத்து வீட்டு வேலியோரத்தில், எங்கே பார்த்தாலும் லேசர் புராணம்தான். “கத்தியில்லை, வலியில்லை, சிவப்பா ஒரு லைட்டு, அவ்வளவுதான்” என்று ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

லாபிஸிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காள் அதற்கு ஒத்து ஊதினார். “பல்லைச் சுரண்டினா ஆடிப் போயிரும் தம்பி. லேசர் இருக்கறப்ப எதுக்குச் சுரண்டணும்? நீ செஞ்சதுதான் சரி.” நான் வாயைத் திறப்பதற்குள், “நீ சும்மா இரும்மா, அவனுக்குத் தெரியாததா?” என்று என்னை அடக்கிவிட்டார்.

இடது பக்கம் இன்னும் ரத்தம் வருகிறதே என்று கேட்டால், லேசர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, கொஞ்ச நாள் ஆகும் என்பார். ஒளி என்ன உரமா, இன்று போட்டால் அடுத்த மாதம் பிடிப்பதற்கு? ஆனால் லேசர் என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. சுத்தம் பண்ணு என்றால் காதில் ஏறாது. விளக்கைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டு சமைத்திருந்தேன். நண்டு என்றால் அவருக்கு உயிர். நண்டுக் காலை இடது கடைவாயில் வைத்து அவர் ஒரு கடி கடித்தால் அடுப்படி வரைக்கும் சத்தம் கேட்கும், எனக்கும் அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். அன்றைக்குச் சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரலை விட்டு அசைத்துக் காட்டினார். கடைவாய்ப் பல் இரண்டும் ஆடின.

இந்தத் தடவை நானும் கூடவே உள்ளே போனேன். டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்துகொண்டே வந்தார். வலது பக்கம் இறுகிப் பிடித்திருக்கிறது, இடது பக்கம் இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியாது என்றார்.

“லேசர் அடிச்சீங்களே?” என்று மலாயில் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் நிதானமாகச் சொன்னார். வேரில் ஒட்டியிருக்கும் பற்காரையை லேசர் எடுக்காது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் கையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் வலது பக்கம் மட்டும் அப்படிச் செய்தார், இடது பக்கத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். லேசர் அதற்குப் பிறகு, வலியும் வீக்கமும் குறைந்து ஈறு ஆறுவதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

“அன்னிக்கே அங்கிள்கிட்ட சொன்னேனே, ஆன்ட்டி. சூச்சி டுலு, லேசர் செக்காலி.”

முதலில் சுத்தம், கூடவே லேசர். பச்சைப் பிள்ளைக்கும் புரியும் மலாய். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் ஊசி போட்டார்கள், சுரண்டினார்கள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சுரண்டியதால் ஆறிய பக்கத்தைக் காட்டி லேசருக்கு மாலை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் மலாயில் பேரம் பேசி நான்கு வெள்ளியைக் குறைக்கிற மனிதர், போலீஸ்காரரிடம் மலாயில் ஜோக்கடித்து அபராதச் சமனிலிருந்து தப்பிக்கிற மனிதர், இந்த ஒரு சொல்லில் மட்டும் வழுக்கி விழுந்தாராம்!

டாக்டர் அவர் பக்கம் குனிந்தார். “டுவா-டுவா சாபுட் செக்காலி, அங்கிள்?” இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடலாமா என்கிறார்.

அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “செக்காலி” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனிதருக்கு அந்தச் சொல் எல்லா அர்த்தத்தோடும் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்கிறது.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூடாய் ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை.

“டாக்டர் சொன்னது அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சிச்சுதானே?”

தலையை ஆட்டினார்.

“அப்புறம் ஏன் போகல? ஊசிக்குப் பயமா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மறுபடியும் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

கத்தினேன். முன்னால் நின்ற மோட்டார்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உள்ள வந்து கையைப் புடிச்சிக்கிட்டு நின்னிருப்பேனே! ஊரெல்லாம் லேசர் லேசர்னு சொல்லத் தெரிஞ்சுதே, இதை என்கிட்ட சொல்லத் தெரியலையா?”

அவர் வாயில் பஞ்சு இருந்தது. பதில் பேச முடியாத மனிதரிடம் கத்துவதில் ஒரு சுகமும் இல்லை. மிச்சப் பல்லைச் சுத்தம் பண்ண அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் செக்காலி போகிறேன்.