மூன்று பொட்டலம் புழுக்கை

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. கிருத்திகைதோறும் குளித்து, விளக்கேற்றி, நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். கை அங்கேயே நின்றுவிடும். சுழி மட்டும் போட்டு மூடிய பக்கங்களே ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் எழுத்துப் பிழைக்குப் பயந்து நிறுத்தவில்லை. எழுதினால் மனிதர்களுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நிறுத்தினேன். முருகனுக்கு அன்றைக்கே தெரியும்.

நினைத்ததும் கண்முன் வருவது மூன்று பொட்டலங்கள். பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, என் கையால் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கொடுத்தவை.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்குத் தணிகை மலையும் வேண்டும், திருப்பதி மலையும் வேண்டும். ஆனால் கிணற்றடியில் பேச்செல்லாம் வேறு. வீட்டுக்கு வீடு ஆள் வருவார்களாம், பேர் எழுதுவார்களாம், தெலுங்கில் எழுதின வீடு ஆந்திராவாம், தமிழில் எழுதினது மெட்ராஸாம். யார் சொன்னது என்றால் யாருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே பயம் அதிகமாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மூத்தவள் வயிற்றில் ஆறு மாதம். வானம் பார்த்த பூமி ஒரு துண்டும் இருபத்தெட்டு ஆடுகளும்தான் எங்கள் பிழைப்பு. அந்த வருஷம் கார்த்திகை மழை விடாமல் பெய்து, ஏரிக்குள் புல் முழங்கால் உயரம் நின்றது. என் வீட்டுக்காரர் சந்தோஷமாக ஆடுகளை அங்கேயே ஓட்டினார். தை பிறந்ததும் ஆடுகள் மெலிந்தன. சாயங்காலம் மேய்ந்து திரும்பும்போது தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் தொங்கும். விடிந்து பார்த்தால் வற்றியிருக்கும். வற்றியதைப் பார்த்து, சாமி காப்பாற்றிவிட்டார் என்று மறுபடியும் ஏரிக்கே ஓட்டுவோம். சாயங்காலம் பை திரும்பவும் தொங்கும்.

கம்பவுண்டர் புத்தூரிலிருந்து சைக்கிளில் வந்தார். கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர், தமிழ் பாதிதான் வரும். ஓர் ஆட்டைப் பிடித்துக் கண் இமையைப் பிரித்து, "சூடம்மா, சூடு" என்றார். பாருங்கள் என்று அர்த்தம். எங்களுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "இன்னாடி, சூடம் கேக்கறாரு? ஆட்டுக்குக் கற்பூரம் காட்டணுமா?" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய உள்ளிமை காகிதம் போல வெளுத்திருந்தது.

"கடுப்புல, வயித்துல, பூச்சி இருக்கும்மா. ஆனா கண்ணாடியில பார்க்காம மந்து குடுக்க மாட்டேன். மயில்துத்தம் அது, விஷம். பூச்சி இல்லாம வேற நோவுன்னா இந்த ஆடுங்க தாங்காது" என்றார். மெலிந்த மூன்று ஆடுகளின் புழுக்கையை விடியற்காலையில் தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னார். இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் அதைக் கரைத்தால், புழுவின் முட்டைகள் மேலே மிதக்குமாம். அதை எடுத்து ஆஸ்பத்திரியில் இருக்கிற பெரிய பூதக்கண்ணாடியில் பார்ப்பாராம். சொல்லிவிட்டு, பையிலிருந்து பெரிய நோட்டை எடுத்து, என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டுத் தெலுங்கில் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அக்கா கிட்டே வந்தாள்.

"பார்த்தியா, ஆட்டைப் பார்க்க வந்தவரு ஆள் பேரை எழுதிக்கினு போறாரு."

"புழுக்கைக்குக் கூடவா அக்கா எல்லை போடுவாங்க?"

"சிரிக்காதடி. பூச்சி கீதுன்னு வந்தா விடுவாங்களா? திரும்ப வருவாங்க. ஆடு எத்தினி, ஆளு எத்தினி, இன்னா பாஷைன்னு எல்லாம் தெலுங்குல ஏறிப்பூடும். அப்புறம் ஊர்ல உன் வூட்டை இன்னா சொல்வாங்க?"

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது சிரிப்பாக இல்லை. பூச்சி இல்லை என்று வந்தால் எங்கள் பேர் அந்த நோட்டில் ஒரு வரியோடு நின்றுவிடும் என்று மட்டும் தோன்றியது. எங்கள் வீட்டுப் பின்புறம் கங்கம்மாவுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று கட்டியிருந்தது. அது ஏரிப் பக்கமே போனதில்லை, அகத்திக் கீரையும் தவிடும் தின்று மினுமினு என்று இருக்கும். விடியற்காலையில் அதன் புழுக்கையை அள்ளி, மூன்று பொட்டலமாகக் கட்டினேன். கட்டும்போது "கோவிந்தா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டுதான் கட்டினேன்.

அன்று காலையில் வந்து வாங்கிப்போன கம்பவுண்டர் இரண்டு நாள் கழித்து வந்தார். "ஒரு முட்டை கூட லேதம்மா" என்றார். ஆனால் அவர் கண் ஆடுகளை விட்டு நகரவில்லை. மறுபடியும் இமையைப் பிரித்துப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், தவிடு அதிகம் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்து கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு விடிந்தால் ஒரு ஆடு கால் நீட்டிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் காலையில், இன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். அவர் செத்த ஆட்டின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் வார்த்தை உள்ளே போய்விடும். தாமதிக்கத் தாமதிக்கச் சொல்லவேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று. பதினோராவது ஆடு விழுந்த அன்று கம்பவுண்டர் தானாகவே வந்து, புங்கமரத்தடியில் அதை அறுத்துப் பார்த்தார். இரைப்பைக்குள் புழுக்கள் நெளிந்தன. நகரித் தறிகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்குவார்களே, அந்த நூலை வெட்டிக் கொட்டினது போல இருந்தது. எங்கள் ஆடுகளின் ரத்தம்தான் அந்தச் சிவப்பு.

"கண்ணாடியில பார்த்தேன் பார்த்தேன்னியே, இன்னாத்தைய்யா பார்த்தே?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

கம்பவுண்டர் கையைக்கூடக் கழுவாமல் நின்றார். "தப்பு நாதய்யா. உப்பு தக்குவா போட்டிருப்பேன்" என்றார். தப்பு என்னுடையது, உப்பைக் குறைத்துப் போட்டிருப்பேன் என்று சொன்னார். நான் பானையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மிச்சமிருந்த ஆடுகளுக்கு அன்றைக்கே மயில்துத்தத்தை அளந்து கரைத்து, ஒவ்வொன்றாக வாயில் ஊற்றினார். ஏரிக்கு ஓட்டாதீர்கள், ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும், மேட்டுக்கு ஓட்டுங்கள் என்றார். அந்தப் பதினேழும் பிழைத்தன. ஆனால் ஊரில் பேச்சு வேறாகக் கிளம்பியது. தமிழாளு ஆடு சாவட்டும் என்று தெலுங்குக்காரன் வேண்டுமென்றே மருந்து கொடுக்கவில்லை என்றார்கள். எல்லைக்காகக் கூடிய கூட்டங்களிலும் அதைச் சொன்னார்கள். மேலே எழுதிப் போட்டார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு எல்லை முடிவாகி, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அந்தப் புழுக்கை நோட்டை ஒருவரும் வந்து கேட்கவில்லை.

மூத்தவள் கல்யாணம் முடிந்து நேர்த்திக்கடன் செலுத்தப் போனபோது, கீழ்த் திருப்பதி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார். அவர்தான் என்னை அடையாளம் கண்டு, "ஆடுங்க எல்லாம் பாகுன்னாயா அம்மா?" என்று கேட்டார். நல்லா கீதுங்க என்றேன். "உங்க ஆடுங்கதாம்மா எனக்குப் பாடம். இப்போ ஒரு தடவை லேதுன்னு வந்தா, உப்பை மாத்தி இன்னொரு தடவை பார்க்கறேன்" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் லட்டுப் பையோடு வந்து, அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பஸ் போவுது, வாடி" என்றார். போய்விட்டேன். என் வீட்டுக்காரர் கண் மூடும்வரை அவருக்கும் சொல்லவில்லை.

தெலுங்குக்காரன் வேண்டுமென்றே ஆடுகளைச் சாகவிட்டான் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். என் பேரனே என்னிடம் வந்து சொன்னான். அதனால்தான் இந்தத் தடவை சுழியோடு நிறுத்தவில்லை. படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், எழுதினபடியே சொல்லுங்கள். சின்னப் பொண்ணு, வாயும் வயிறுமாக இருந்தாள், பயந்துவிட்டாள் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். அவர் உப்பைச் சரியாகத்தான் போட்டார். கண்ணாடியில் சரியாகத்தான் பார்த்தார். புழுக்கையை மாற்றிக் கொடுத்தவள் நான்.