கனடாவுக்கு வைத்திருந்த இடம்

பழைய மொன்றியலில், அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு கல்வீட்டுக்குள் நிற்கிறேன். அமெரிக்கா பிறக்கும் தறுவாயில் அதன் தூதுவர்கள் இங்கே வந்து, கனடாவையும் தங்களோடு சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கனடா அசையவில்லை.

நான் போனில் பேசிய தமிழைக் கேட்டு, காவலுக்கு நிற்பவர் பக்கத்தில் வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். வரலாற்று வாத்தியார் நான், சும்மா இருப்பேனா?

"அப்பவும் அவங்க விடலண்ணா. கனடா எப்ப வந்தாலும் யாரையும் கேக்காம சேர்த்துக்கணும்னு முதல் அரசியல் சட்டத்துலயே ஒரு வரி எழுதி வச்சாங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்.

"என்ர வீட்டிலயும் தம்பிக்கெண்டு ஒரு கட்டில் கிடக்கு. வன்னியில இருந்தவன். சண்டை முடிஞ்சு அஞ்சு மாசம், ஒரு தகவலும் இல்லை. மனுசி ஞாயிறு தவறாமல் விரிப்பு மாத்துறா."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

"பேந்து அந்த வரியை எடுத்துப்போட்டினமோ?"

பத்து வருடம் கழித்துப் புதுச் சட்டம் எழுதியபோது அதை விட்டுவிட்டார்கள். பரீட்சையிலேயே நான் கேட்டிருக்கிற கேள்வி அது.

"தெரியலண்ணா."

"எடுத்திருக்க மாட்டினம்," என்கிறார்.

"ஓம்," என்கிறேன், அவர் பேச்சிலேயே.