மச்சாள் சொன்ன படம்

"மடு மாதா கோயிலுக்குப் போற வயசில படத்துக்குப் போறியளோ?" என்று மூதூர்ப் படகுகள் வந்து நிற்கும் துறையடியில், மீன் வாங்கிக்கொண்டு நின்ற ஒருத்தி என்னைக் கேட்டாள். ஓம், போறம்தான், உமக்கென்ன என்று கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

வருடாவருடம் கொழும்பில் உலகப் படவிழா நடக்கிற அந்த ஒரு வாரம், நானும் மச்சாளும் திருகோணமலையில் இருக்கமாட்டோம். மச்சாள் என் கணவரின் அக்கா. இருவருடைய மனிசன்மாரும் போய்ச் சேர்ந்த பிறகு, துறைமுகத்தைப் பார்த்த பழைய வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே குசினியில் இரண்டு பொம்பிளைகள். உப்புக்கும் சண்டை, புளிக்கும் சண்டை. ஆனால் படவிழாவுக்கான நாள் நெருங்கினால் சண்டையை ஒத்திவைத்துவிட்டு இருவரும் கம்பளிச் சட்டை தேடுவோம். அந்த மண்டபங்களில் குளிரூட்டியைப் போட்டு ஆட்களை விறைக்க வைப்பார்கள்.

இது தொடங்கியதே தற்செயலாகத்தான். ஒரு கலியாணத்துக்கென்று கொழும்புக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய கட்டடத்தில் படவிழா. யாரும் உள்ளே போகலாம் என்றார்கள், போய் இருந்தோம். வெளியே மழை விட்டது எங்களுக்குத் தெரியாது.

எனக்கு ஒரு குறை உண்டு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன், ஆனால் ஓட்டமாக வராது. படத்தின் அடியில் ஓடும் வரியில் நான் மூன்றாவது சொல்லைப் பிடிக்க முன்னம் அடுத்த வரி வந்து நிற்கும். மச்சாள் அப்படியில்லை. துறைமுக அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். திரையில் வரியைப் பார்த்ததும் என் காதுக்குள் தமிழில் சொல்லிவிடுவார். சும்மா சொல்லமாட்டார், தன்னுடைய தீர்ப்பையும் சேர்த்துத்தான். "நான் வேணுமெண்டா தாயை விட்டுட்டு வா எண்டு சொல்லுறாள். இவளெல்லாம் ஒரு பொம்பிளை." முன்வரிசைக்காரர் திரும்பி "ஷ்" என்பார்கள். அதனால் நாங்கள் எப்போதும் கடைசி வரிசையில், சுவரோரமாகப் போய் இருப்போம். பிரான்சோ கொரியாவோ, நான் பார்த்த அவ்வளவு படமும் மச்சாளின் வாயால் வந்தவைதான். மச்சாள் இல்லாவிட்டால் எனக்குப் படம் இல்லை.

மச்சாளின் மகனுக்கு இந்தப் பயணம் கண்ணில் காட்டக் கூடாது. நிலாவெளியில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறவன், ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருவான். "அம்மா, எங்கயாவது விழுந்து எழும்பினால் ஆர் பாக்கிறது? இதுதான் கடைசி வரியம்" என்பான். இப்படி எத்தனையோ கடைசி வருடங்களைக் கடந்துவிட்டோம். ஆனால் ஏதாவது ஒரு காரணம் அவன் கையில் கிடைத்தால் போதும், பயணம் அதோடு முடிந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன முறைக்கு முந்தின முறை மச்சாள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். கடைசி வரிசை வேண்டாம், முன்னுக்குப் போவம் என்று ஒற்றைக்காலில் நின்றார். "ஏன், நடுவர் குழுவில இருக்கிறியளோ?" என்று பகிடி பண்ணினேன். படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்தார். வீட்டில் மச்சாள் பொறுக்கிவைத்த அரிசியில் கல் கிடந்ததற்கு நான் கத்தியது நினைவில் இருந்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இரண்டாம் நாள் ஒரு குளிர்நாட்டுப் படம். கடலோர வீடு, ஒரு பெண், தாடி வைத்த ஒருவன், ஒரு படகு. மச்சாள் அன்று சொன்ன மாதிரி ஒருநாளும் சொன்னதில்லை. தகப்பன் விட்டுப்போன படகைத் தம்பிக்காரன் அக்காவுக்குத் தெரியாமல் விற்றுவிட்டான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் சூப்புக் கோப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கிறாள். "சாப்பிடடா, படகு போனா போகட்டும், நீ இரு எண்டு சொல்லுறா" என்றார் மச்சாள். நான் கம்பளிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன்.

விளக்குப் போட்டதும் இயக்குநர் மேடைக்கு வந்தார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். தமிழிலும் கேட்கலாமாம், மொழிபெயர்க்க ஒரு பிள்ளை நின்றாள். இத்தனை வருடத்தில் நான் வாய் திறந்ததில்லை. அன்று மனம் நிறைந்திருந்தபடியால் எழும்பினேன். மச்சாள் என் சேலையைப் பிடித்து இழுத்தார். "இரும், இரும், கேக்கவேண்டாம்." தட்டிவிட்டு ஒலிவாங்கியை வாங்கினேன்.

"படகை வித்த தம்பியை அக்கா ஏன் ஒரு வார்த்தைகூடக் கேக்காமல் மன்னிச்சவா?"

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். இயக்குநர் ஏதோ திருப்பிக் கேட்டார். மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, அவர் தம்பி இல்லையாம். அறை வாடகைக்கு வந்தவராம். படகை ஒருத்தரும் விக்கேல்லையாம், திருத்தக் கொண்டுபோனதாம். ஆனா நீங்க சொல்லுற படத்தைப் பாக்கத் தனக்கு ஆசையாம்."

மண்டபமே கைதட்டியது. நல்ல மனதோடுதான் தட்டினார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது.

வெளிப்படிக்கட்டில் வைத்து மச்சாளைப் பிடித்துக்கொண்டேன். "என்ன விளையாட்டு இது? என்னை நாலு பேருக்கு முன்னால விசரி ஆக்கிப்போட்டியளே!"

மச்சாள் படியில் இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எழுத்துத் தெரியேல்லை. வெள்ளைக் கோடு மாதிரித்தான் ஓடுது. போன வரியமே அப்பிடித்தான்."

"போன வரியமேயோ! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் மகன் விடுவானோ? நானும் வாசிக்காட்டி உமக்கும் படம் இல்லை. முகத்தைப் பாத்துச் சொன்னனான். முகம் தெரியுது."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் வந்தது. இந்த மனிசி இருட்டுக்குள் இருந்துகொண்டு எனக்குப் படம் காட்டியிருக்கிறா. நானும் பக்கத்தில் இருந்து அழுதிருக்கிறேன். கொஞ்ச நேரம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்: "அந்தச் சூப்பு? அதுவும் பொய்யோ?" "சூப்பு உண்மை. கோப்பை தெரிஞ்சது" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்து நிற்கவில்லை.

மிச்சப் படங்களை விட்டுவிட்டு அடுத்த நாள் காலை பஸ்சில் ஊருக்கு வந்தோம். நேரே கண் டாக்குத்தரிடம். கண்புரை என்றார். இரண்டு கண்ணிலும் முற்றியிருக்கிறது, ஆனால் வெட்டி எடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். மச்சாளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். "இருக்கிறதும் போனால்?" என்று தட்டிக் கழித்தார். "அப்ப உங்கட மகனுக்குச் சொல்லுறன்" என்றேன். உடனே ஓம் என்றுவிட்டார். கடைசியில் அவனுக்கும் சொல்லத்தான் வேண்டிவந்தது. வந்து குதித்தான். "கண் சரியாகட்டும், பிறகு குதியும் தம்பி" என்றேன். அவனே மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து வந்து தாயை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ஒரு கண், பிறகு சில மாதம் கழித்து மற்றக் கண். கண்ணைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்த மச்சாளுக்குப் பொழுது போகவேண்டுமே. மச்சாளின் பேரன் விட்டுப்போன கைபேசியில் படம் போட்டு, வரிக்கு வரி நிறுத்தி நான் வாசித்தேன். அரை மணிப் படத்துக்கு ஒரு பின்னேரம் போகும். "கெதியாச் சொல்லுமன், அவன் செத்து அடக்கமும் முடிஞ்சிருக்கும்" என்று மச்சாள் கத்துவார். எனக்கும் கோபம் வரும். "அப்ப நீங்களே கட்டிச் சொல்லுங்கோவன், பழக்கம்தானே!" என்பேன். இப்படிச் சண்டை பிடித்துப் பிடித்து என் வாசிப்பும் கொஞ்சம் ஓடத் தொடங்கியது.

போன வருடம் மறுபடி போனோம். மகன்தான் பஸ்சில் ஏற்றிவிட்டான். கடைசி வரிசை, சுவரோரம், அதே கம்பளிச் சட்டை. படம் தொடங்கியது. ஒரு கிழவனும் ஒரு பெடிச்சியும் வயல் வரம்பில் நிற்கிறார்கள். அடியில் முதல் வரி வந்தது. நான் முந்திக்கொண்டு வாசித்துவிட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மச்சாள் என்ன சொல்லுவார் என்று பார்த்திருந்தேன்.

மச்சாள் என் பக்கம் சாய்ந்தார். "நாளைக்கு மழை வருமாம்" என்றார்.

வரியில் இருந்ததும் அதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குக் கண் நிறைந்து திரை கலங்கிப்போனது. அடுத்த வரியும் போய்விட்டது, அதற்கடுத்ததும் போய்விட்டது.

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த அரை இருட்டிலும் அவருக்கு என் முகம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"என்ன அழுறீர்? இன்னும் ஒருத்தரும் சாகேல்லையே" என்றார்.